உங்கள் புளோக்கில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள்?

ஈசூனில் உங்கள் வீவக புளோக்கில் எத்தனை குடும்பங்கள் வீட்டில் தமிழ் பேசுகின்றன? பள்ளித் திட்டப்பணிக்காக இந்த எண்ணைத் தேடினால் ஏமாற்றம்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்குமான எண் இருக்கிறது: ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ். புளோக் அளவில் ஏன் இல்லை?

வயது, பாலினம் போன்ற அடிப்படை விவரங்கள் அரசாங்கப் பதிவேடுகளிலிருந்தே திரட்டப்படுகின்றன. மொழி, சமயம் போன்ற கேள்விகளோ சுமார் 150,000 குடும்பங்களிடம் மட்டுமே கேட்கப்பட்டன. மொத்தக் குடியிருப்பாளர் குடும்பங்கள் ஏறத்தாழ 1.37 மில்லியன். ஆக, ஒன்பது வீட்டுக்கு ஒரு வீடு.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். உங்கள் புளோக்கில் தமிழ் பேசும் வீடுகள் 9 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீடு மாதிரியில் சேராமல் போகும் நிகழ்தகவு 8/9. ஒன்பதுமே சேராமல் போக, 8/9ஐ ஒன்பது முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.35. அதாவது, மூன்றில் ஒரு வாய்ப்புக்குச் சற்று அதிகமாகவே “இந்தப் புளோக்கில் தமிழே இல்லை” என்ற முடிவு வரும்! இரண்டு வீடுகள் சேர்ந்துவிட்டால் மதிப்பீடு 18 ஆகிவிடும். நாடு முழுவதையும் கூட்டும்போது இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. புளோக் அளவில் அடங்காது.

சரி, பதிவேட்டில் முழுமையாக உள்ள விவரத்தையாவது அப்படியே வெளியிடலாமே? அதிலும் சிக்கல் உண்டு. “85 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்கள்: 1” என்று ஒரு புளோக்கின் அட்டவணை சொன்னால், அது எந்தப் பாட்டி என்று மின்தூக்கியில் பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும். பிறகு வேறு அட்டவணைகளில் அவரைப் பற்றி மற்றதையும் கண்டுபிடித்துவிடலாம். நியூசிலாந்தில் இதைத் தடுக்க எண்களை மூன்றின் மடங்காக மாற்றுகிறார்கள். 7 என்பது 6 ஆகலாம், 9உம் ஆகலாம். சிங்கப்பூரின் உள்வட்டார அட்டவணைகளில் எண்கள் பத்தின் மடங்காக முழுமையாக்கப்படுகின்றன. ஐந்து பிரிவுகளில் தலா 14 பேர் இருந்தால் ஒவ்வொன்றும் 10 என்று தெரியும். மொத்தம் மட்டும் 70. கூட்டல் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

பழைய எண்ணுடன் ஒப்பிடுவதற்கு முன், வட்டார எல்லை மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று, நம் மொழிக்கு நெருக்கமானது. 2020இல் சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 5.69 மில்லியன். ஆனால் 2.5 விழுக்காடு என்ற கணக்கு குடிமக்களும் நிரந்தரவாசிகளுமான 4.04 மில்லியன் பேரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைச் சார்ந்தது. தங்குவிடுதிகளில் வசிக்கும் தமிழக ஊழியர்கள் இரவு முழுவதும் தமிழிலேயே பேசினாலும் அந்த 2.5இல் அவர்கள் இல்லை.