ஆட்டம் எங்கே நின்றது?

மட்டையாளர் பந்தை ஓங்கி அடிக்கிறார். பந்து மேலே எழும்புகிறது. அந்த வேளை பார்த்துக் கணிப்பொறித் திரையில் படம் உறைந்துபோய், நடுவே ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்குகிறது. அடுத்த வீட்டிலிருந்து "சிக்சர்!" என்று கூச்சல் வருகிறது. நமக்கோ பந்து இன்னும் அந்தரத்திலேயே நிற்கிறது!

உடனே என்ன சொல்கிறோம்? "நெட் சரியில்லை" என்கிறோம். கணிப்பொறியில் இருப்பது லினக்ஸ் என்றால், "லினக்ஸில் இதெல்லாம் ஓடாது" என்றும் சேர்த்துக்கொள்கிறோம். நாடி பிடித்துப் பார்க்காமலே மருந்து எழுதுவது போன்றது இது. கூடுதல் வேகமுள்ள இணைப்பை வாங்கிய பிறகும் படம் நிற்கும் வீடுகள் உண்டு. அங்கே கோளாறு இணைப்பில் இல்லை; பணம்தான் வீண்.

திருவள்ளூர் மாவட்ட மாணவர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்கலாம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இந்த மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயக்குதளமும் சேர்ந்தே இருந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. அண்ணனோ அக்காவோ பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற அந்தப் பொறி இன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம். அதைப் பழைய இரும்புக்குப் போடுமுன், அதற்கு உண்மையில் என்ன நோய் என்று பார்த்துவிடுவோமே!

முதலில், படம் நம்மிடம் வரும் விதத்தைப் பார்ப்போம்.

720 என்று குறிக்கப்படும் தரத்தில் ஒரு படச் சட்டத்தில் குறுக்கே 1280, நெடுக்கே 720 புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 9,21,600. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட்டுகள் வேண்டும். வினாடிக்கு 25 சட்டங்கள் என்றால், வினாடிக்கு ஏறத்தாழ 55 கோடி பிட்டுகள்! பெரும்பாலான வீட்டு இணைப்புகள் இதைத் தாங்கமாட்டா. ஆகவே, ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் மாறிய பகுதியை மட்டும் சொல்லி, மாறாத புல்தரையை மறுபடி மறுபடி சொல்லாமல் விட்டு, 30 லட்சம் பிட்டுகள் அளவுக்குச் சுருக்கிவிடுகிறார்கள். சுருக்கியதை இரண்டு முதல் ஆறு வினாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, பல நகரங்களிலுள்ள சேமிப்பு நிலையங்களில் படியெடுத்து வைக்கிறார்கள். அங்கிருந்து உங்கள் உலாவி, அதாவது பிரவுசர், துண்டு துண்டாகக் கேட்டு வாங்கி, விரித்து, திரையில் காட்டுகிறது.

துண்டு முழுதாகத் தயாரான பின்புதானே அனுப்ப முடியும்? வந்ததும் உலாவி இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே படத்தைத் தொடங்கும். எனவே 'நேரலை' என்பது மெய்யான நேரத்துக்கு அரை நிமிடம்வரைகூடப் பின்தங்கியிருக்கும். அடுத்த வீட்டுக் கூச்சலின் மர்மம் இதுதான். அவர்கள் செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். அலை 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி இறங்க ஏறக்குறைய கால் வினாடிதான். மற்றத் தாமதங்களைச் சேர்த்தாலும் உங்கள் துண்டுகளை அது முந்திவிடுகிறது.

இந்தத் தாமதத்தை அளக்கக் கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா அங்கிருந்து நேர்கோட்டில் 35 முதல் 40 கிலோமீட்டர். ஏவும் நேரத்தை இஸ்ரோ முன்கூட்டியே, சில வேளை வினாடி சுத்தமாகவே, அறிவிக்கிறது. சந்திரயான்-3 கிளம்பியது 2023 ஜூலை 14, பிற்பகல் 2 மணி 35 நிமிடம் 17 வினாடிக்கு. அடுத்த முறை கணிப்பொறியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் யூடியூப் நேரலையைத் திறந்து வையுங்கள். மரங்களுக்கு மேலே நெருப்புப் பிழம்பு எழுந்துவிட்டிருக்க, திரையில் எண்ணிக்கை இன்னும் இறங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். வானம் மேகமாக இருந்தாலும் கவலையில்லை: திரையில் கிளம்பிய நேரத்திலிருந்து அறிவித்த நேரத்தைக் கழித்தால் தாமதம் கிடைத்துவிடும்.

இனி நோய்க்குறிகளுக்கு வருவோம். படமும் ஒலியும் ஒன்றாக நின்று, வட்டம் சுற்றுகிறதா? ஒலி ஒழுங்காக வர, படம் மட்டும் வெட்டி வெட்டி ஓடுகிறதா? அல்லது படம் தொடங்கவே இல்லையா? மூன்றும் மூன்று வேறு நோய்கள்.

வட்டம் சுற்றினால், தொட்டி காலி என்று பொருள். சேர்த்து வைத்த துண்டுகளை வீட்டு மேல்நிலைத் தொட்டியாக எண்ணிக்கொள்ளுங்கள். குழாய் வழியே நீர் ஏறுகிறது. திரை அதைச் செலவழிக்கிறது. ஏறுவது தடைப்பட்டால் தொட்டி வற்றும். "சினிமா நன்றாக ஓடுகிறதே, மேட்ச் மட்டும் ஏன் நிற்கிறது?" என்று கேட்பீர்கள். சினிமா முன்பே எடுத்து முடிந்தது. சில நிமிடத்துப் படத்தை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளலாம். ஆட்டத்தின் அடுத்த நிமிடமோ இன்னும் நடக்கவே இல்லை! நேரலையின் தொட்டி பிறவியிலேயே சிறியது. சினிமாவில் தெரியாமல் போகும் பத்து வினாடித் தடங்கல் ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

அடைப்பு எந்தக் குழாயில்? 'பிங்' என்னும் கட்டளை ஒரு சிறு செய்தியை அனுப்பி, அது திரும்பி வர எத்தனை மில்லி வினாடி ஆயிற்று என்று சொல்லும். 'ஐபி ரூட்' என்ற கட்டளையைக் கொடுத்தால் 'டிஃபால்ட் வியா' என்பதை அடுத்து ஓர் எண் தெரியும். அது உங்கள் வைஃபை பெட்டியின் முகவரி. கைபேசியிலிருந்து இணைப்பு எடுத்தால் கைபேசியின் முகவரி. முதலில் அதற்குப் பிங் அனுப்புங்கள். விண்டோஸில் நான்கு முறையோடு நின்றுவிடும். லினக்ஸில் நீங்கள் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தும்வரை ஓடும். அதுவே நல்லது, ஏனெனில் விட்டு விட்டு வரும் கோளாறு நான்கு முறையில் பிடிபடாது. நூறு முறையாவது ஓடட்டும். பக்கத்து அறைப் பெட்டிக்கே நூற்றுக்கணக்கான மில்லி வினாடி ஆனால், அல்லது செய்திகள் தொலைந்தால், குற்றம் வீட்டுக்குள்தான். பெட்டியின் அருகே செல்லுங்கள். கம்பி இருந்தால் கம்பியில் இணையுங்கள். வைஃபையின் மின்சிக்கன அமைப்பை நிறுத்திப் பாருங்கள். பெட்டி வரை சரியாக இருந்து, வெளியே ஓர் இணையதளத்துக்கு அனுப்பும்போது மட்டும் தடுமாறினால், குற்றம் வாசலுக்கு வெளியே.

சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். பகல் ஷிஃப்ட் முடிந்து அறைக்குத் திரும்பியவர்கள், மாலை 7.30-க்கு ஆட்டம் தொடங்கியதும் ஒரே கைபேசிக் கோபுரத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கோபுரத்தின் கொள்ளளவு ஒன்றுதான், பங்குதான் சிறுக்கிறது. அப்போது தரத்தை 480-க்கு இறக்குவதே வழி. அனுப்பும் நிறுவனமே திணறுவதும் உண்டு. 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை இணையத்தில் பார்த்தார்கள். அதே வைஃபையில் கைபேசியிலும் ஆட்டம் நிற்கிறதா என்று பாருங்கள். அதிலும் நின்றால் உங்கள் லினக்ஸைக் குறை சொல்வதற்கில்லை.

அடுத்தது, ஒலி நன்றாக வந்து படம் மட்டும் வெட்டுவது. ஒலியை விரிப்பது எளிய வேலை. படத்தை விரிப்பது கடினம். ஆகவே இது பொறியின் மூச்சுத் திணறல். 'டாப்' என்ற கட்டளை எந்தச் செயலி மையச் செயலகத்தை எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும். லினக்ஸில் ஒவ்வொரு உள்ளகத்துக்கும் 100 விழுக்காடு. இரண்டு உள்ளகம் இருந்தால் 200 வரை போகும். உலாவி அந்த எல்லையை முட்டிக்கொண்டிருந்தால் நோய் தெரிந்துவிட்டது. ஐயம் இருந்தால், பள்ளி விளையாட்டு விழாவில் கைபேசியில் எடுத்த காணொளியைக் கணிப்பொறியில் ஏற்றி, இணையத்தை அறவே துண்டித்துவிட்டு, விஎல்சியில் ஓட்டுங்கள். அப்போதும் வெட்டினால் இணைப்பின் மேல் பழி இல்லை.

ஏன் திணறுகிறது? எச்.264 என்னும் சுருக்குமுறை 2003-இல் வந்தது. அதை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று 2011-ஆம் ஆண்டுப் பொறிகள் பலவற்றின் படச் சில்லுகளில் உண்டு. விபி9 வந்தது 2013-இல், ஏவி1 வந்தது 2018-இல். பிறக்காத மொழியை 2011-ஆம் ஆண்டுச் சில்லு எப்படி அறியும்? அதனால் எல்லாச் சுமையும் மையச் செயலகத்தின் தலையில் விழுகிறது. யூடியூப் படத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலின் கடைசியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று இருக்கும். எந்தச் சுருக்குமுறை, எத்தனை சட்டங்கள் தவறின, தொட்டியில் எத்தனை வினாடி இருப்பு என்று எல்லாவற்றையும் அது காட்டும். எச்.264 வடிவையே கேட்டு வாங்கும் சிறு துணைச் செயலிகள் உலாவிகளுக்குக் கிடைக்கின்றன. லினக்ஸ்மீதும் ஒரு பங்கு குறை உண்டு: தனிச் சுற்று இருந்தும் உலாவிகள் அதை நெடுநாள் பயன்படுத்தவில்லை. பயர்பாக்ஸ், இன்டெல் படச் சில்லுகளுக்கு அதை இயல்பாக்கியது 2023-இல்தான். இன்னொன்று: பழைய மடிக்கணினிகள் பலவற்றின் திரையில் நெடுக்கே 768 புள்ளிகள்தான். அதில் 1080 தரம் கேட்பது, 720-ஐப்போல் இரண்டேகால் மடங்கு புள்ளிகளை விரித்துவிட்டுச் சுருக்கிக் காட்டச் சொல்வதாகும். யாருக்கு லாபம்?

முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு வெட்டத் தொடங்கினால், விசிறியின் அடியில் கை வைத்துப் பாருங்கள். தூசி அடைத்து, சூடேறி, சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கும். 'சென்சார்ஸ்' என்னும் கட்டளை வெப்பநிலையைச் சொல்லும். ஏப்ரல், மே மாதங்களில் மெத்தைமேல் வைத்து ஆட்டம் பார்ப்பவர்களுக்கு இந்த நோய் நிச்சயம்.

மூன்றாவது, தொடங்கவே மறுப்பது. ஆட்டங்களைக் கட்டணத்துக்குக் காட்டும் சேவைகள் படத்தைப் பூட்டி அனுப்புகின்றன. திறப்பதற்கு 'வைட்வைன்' என்னும் பகுதி உலாவியில் இருக்கவேண்டும். டெபியன் தரும் குரோமியத்தில் அது இராது. பயர்பாக்ஸில் அமைப்புகளுக்குச் சென்று 'டிஆர்எம்' என்பதை அனுமதிக்கவேண்டும். 32 பிட் லினக்ஸுக்குக் குரோம் தருவதைக் கூகுள் 2016-லேயே நிறுத்திவிட்டது. எனவே பொறி இடம் கொடுத்தால் 64 பிட் புதுப் பதிப்பை நிறுவுவதே சரி. எல்லாம் செய்தும், லினக்ஸில் பூட்டு மென்பொருளால் மட்டும் திறக்கப்படுவதால், சில சேவைகள் குறைந்த தரத்தையே தரும். அது அவர்கள் வகுத்த விதி. நீங்கள் எதைத் திருகினாலும் மாறாது. யூடியூபில் இஸ்ரோ நேரலை ஓடி, கட்டண ஆட்டம் மட்டும் ஓடாவிட்டால், பூட்டைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

எந்த இணையதளமுமே திறக்காமல் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வந்தால்? 'டேட்' என்று கட்டளை கொடுங்கள். பரணிலிருந்து இறக்கிய பொறி பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைச் சொல்லக்கூடும்! பாதுகாப்பான தளங்கள் காட்டும் சான்றிதழில் 'இன்று முதல் இன்று வரை' என்று காலவரை உண்டு. 2011-இல் வாழும் கணிப்பொறிக்கு இந்த ஆண்டின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகாதது. கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் வினாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகம் உள்ளே நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. இரண்டின் பதினைந்தாம் அடுக்கு அது. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு வினாடி. அதற்கு உயிர் கொடுப்பது நாணயம் போன்ற சிறு மின்கலம். அது தீர்ந்திருந்தால், கடையில் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். தேதியைச் சரிசெய்து, பொறியை அணைத்து, மின்கம்பியையும் பெரிய பேட்டரியையும் கழற்றி ஓரிரவு வையுங்கள். காலையில் இணையத்தோடு இணைக்காமல் இயக்கி, மறுபடி 'டேட்' கொடுங்கள். கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனால் மின்கலம் வேலை செய்கிறது.