குக்கரின் ஓசையும் ஆவிக் கசிவும்

நெல் அவிக்கும் சிதம்பரம் வட்டாரத்து உழவர்களுக்கும், பாவுக்குக் கஞ்சி காய்ச்சும் குறிஞ்சிப்பாடி நெசவாளர்களுக்கும் நீராவி புதியதன்று. ஆயினும் மூடிய கலத்தில் அடைபட்ட ஆவியின் இயல்பு வேறு. கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் மின்சாரப் பொறிகளை 1962 முதல் சுழற்றி வருவது அத்தகைய ஆவியே. அதே ஆற்றல் சிறிய அளவில் நம் அடுப்பங்கரைக் குக்கரிலும் அடங்கியிருத்தலின், அதன் பழுதுகளை அறிந்திருத்தல் நம் கடமையாகும்.

திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செண்டிகிரேடில் கொதிக்கின்றது. குக்கரில் அழுத்தம் மிகுவதால் வெப்பம் ஏறத்தாழ 120 பாகை வரை உயர்கின்றது. பருப்பு விரைவில் வேகின்றது. பிரெஞ்சு அறிஞர் தெனி பாப்பேன் 1679-ஆம் ஆண்டில் இத்தகைய கலத்தை இலண்டனில் செய்து காட்டினார். மிகுந்த ஆவி வெளியேற, பளு வைத்த வால்வு ஒன்றையும் அவர் அமைத்தார். இன்றைய குக்கரின் 'வெயிட்' அம்முறையைச் சார்ந்ததே.

ஆகவே வெயிட் விட்டுவிட்டுச் சீறுவது குறையன்று. ஆவியோடு நீரும் நுரையும் பீறிட்டால், தீ மிகுதி அல்லது பண்டம் மிகுதி என்று கொள்க. கலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. நுரைக்கும் அரிசிக்கும் பருப்புக்கும் பாதியே போதும். பாவுக் கஞ்சியைக் குக்கரில் காய்ச்சவே வேண்டாம். அதன் பசை ஆவிக்குழலை அடைத்துவிடும்.

மூடியின் விளிம்பில் ஆவி கசிந்தால் ரப்பர் வளையத்தை நோக்குக. பருக்கை ஒட்டியிருப்பின் கழுவுக. வளையம் விறைத்தோ வெடித்தோ தளர்ந்தோ இருப்பின் புதியது மாற்றுக. அதன் பின்னும் கசிந்தால் விளிம்பு நெளிந்திருக்கலாம். பழுது பார்ப்போரிடம் காட்டுக.

நீர் கொதித்தும் ஓசையோ கசிவோ இல்லாமற் போவதே அஞ்சத்தக்கது. ஆவிக்குழல் அடைபட்டிருக்கக் கூடும். உடனே அடுப்பை அணைத்துவிட்டு, கலம் தானே ஆறும்வரை மூடியைத் தொடாதிருக்க வேண்டும். பின்னர்க் குழலை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, துளை தெரியும்வரை தூய்மை செய்க. சமைக்குமுன் நாள்தோறும் இவ்வாறு நோக்குதல் நன்று.

குழல் அடைபட்டாலும் நீர் வற்றினாலும் இறுதிக் காவலாய் நிற்பது பாதுகாப்பு வால்வு. அதிலுள்ள உலோகம் உருகி ஆவிக்கு வழி விடுகின்றது. உருகிய வால்வுக்கு ஈடாக அக்குக்கருக்குரிய வால்வையே பொருத்த வேண்டும். சில காசுகளை மிச்சம் பிடிக்க ஆணியாலோ ஈயத்தாலோ அவ்வழியை அடைப்பவர், தம் இல்லத்தாரின் உயிரைப் பணயம் வைப்பவராவர். கசிவை நிறுத்த வெயிட்டின்மேல் பளு ஏற்றுவதும் அத்தகையதே. ஆவி செல்லும் வழியைத் திறந்து வைத்தலே குக்கர்ப் பாதுகாப்பின் முதற்பாடம் என்பதை உறுப்பினர்கள் மனத்திற் கொள்வார்களாக.