கொரங்காட்டு மண்ணும் மாட்டின் எலும்பும்

காங்கயம், தாராபுரம் பகுதிகளில் சங்க அலுவலாகச் செல்லுங்கால், கறவை மாட்டுக் கடன் பெற்ற அங்கத்தினர் சிலர் கூறும் குறையொன்றை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். மாடு வயிறார மேய்கிறது. ஆயினும் பருவத்தில் சினை பிடிப்பதில்லை. கோடையில் எலும்பையும் மண்ணையும் கந்தலையும் தேடிக் கடிக்கின்றது என்பர். திருஷ்டி கழிப்போரும் உளர். காரணம் மேயும் நிலத்திலேயே இருக்கக்கூடும்.

கிளுவை வேலியிட்டு, வெள்வேல் மரங்களை நிறுத்தி, கொழுக்கட்டைப் புல் வளர்த்த மானாவாரி நிலமே கொரங்காடு என்பது அங்கத்தினர் அறிந்ததே. அதன் மண் சரளை கலந்த செம்மண்; பல இடங்களில் அடியில் சுக்கான்கல் உண்டு. காங்கயம் காளையின் உறுதிக்கு இச்சுண்ணாம்பே காரணம் எனப் பெரியோர் கூறுவர். இது பாதி உண்மையே. எலும்பில் சுண்ணாம்பு ஏறக்குறைய இரண்டு பங்கெனில் மணிச்சத்து ஒரு பங்கு இருத்தல் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலோ மணிச்சத்து அதனோடு கூடிக் கரையாப் பொருளாகிவிடுகிறது. வேர் அதனை எளிதில் உறிஞ்ச இயலாது. புல் முற்றிக் காய்ந்தபின் அதிலுள்ள மணிச்சத்து இன்னும் குறைகிறது. கண்ணுக்குப் புல் நிறைந்திருக்கும், சத்து இராது. கறவைப் பசுவோ, ஒவ்வொரு லிட்டர் பாலுடனும் ஏறக்குறைய ஒரு கிராம் மணிச்சத்தை இழந்துகொண்டேயிருக்கிறது.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தென்னாப்பிரிக்காவில் மாடுகள் செத்த பிராணிகளின் எலும்பைக் கடித்து, அதிலிருந்த நஞ்சால் மாண்டன. புல்லில் மணிச்சத்துக் குறைந்ததே அவ்வெலும்புப் பசிக்குக் காரணம் என ஆர்னால்டு தெய்லர் என்னும் கால்நடை அறிஞரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். எனவே எலும்பு கடிக்கும் மாட்டைக் கண்டும் வாளாவிருத்தல் தகாது.

மற்றொரு நஷ்டத்தை நாம் கவனிப்பதேயில்லை. மாடு காடெங்கும் மேய்ந்து, இரவில் பட்டியில் சாணமிடுகிறது. அச்சாணத்தை வண்டியிலேற்றிக் கிணற்றுப் பாசன வயலுக்கு அனுப்புகிறோம். சிலர் விற்றும் விடுகின்றனர். புல் மண்ணிலிருந்து அரிதின் எடுத்த மணிச்சத்து இவ்வாறு ஆண்டுதோறும் வெளியேறுகிறது, திரும்பி வருவதில்லை. வரவின்றிச் செலவு மட்டும் எழுதப்படும் பேரேட்டை எந்தச் சங்கமும் ஒப்புக்கொள்ளாது.

சாணத்தில் ஒரு பகுதியேனும் கொரங்காட்டுக்கே சேர்க. பட்டியை அவ்வப்போது இடம் மாற்றியமைத்தால் வண்டிக் கூலியும் மிச்சம். மழைக்கு முன் நரிப்பயறு விதைத்து, உடன் சூப்பர் பாஸ்பேட் இடுவது நலம். பாறைப் பாஸ்பேட் விலை மலிவே, ஆயினும் சுண்ணாம்பு மண்ணில் கரையாது, வாங்க வேண்டாம். மண் தேறும் வரை, வளர்ந்த மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தீவனத்துடன் கொடுக்கலாம். சினை பிடியாமைக்கு வேறு காரணங்களும் உண்டாதலின் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்போர் மர நிழலையும் பட்டி கிடந்த இடத்தையும் விலக்குக. அங்கே சாணம் சேர்ந்திருப்பதால் காட்டின் உண்மை நிலை தெரியாது. வெட்டவெளியில் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழத்துக்கு மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ அனுப்பினால் போதும்.