நெல்லிக்கும் துணை வேண்டும்

உத்தரப் பிரதேசத்தில் பிரதாப்கர் என்று ஒரு மாவட்டம் உள்ளது. அது பெருநெல்லிக்குப் பேர் பெற்ற இடம். மற்றப் பயிர்கள் சரியாக வராத களர் நிலத்திலும் அங்கே நெல்லி வளர்கிறது.

அங்கே ஒரு சிற்றூர். ஊர்க் கோடியில் ஒரு வீடு. மாமியாரும் மருமகளும் கொல்லையில் ஒரு நெல்லி ஒட்டுச் செடி நட்டார்கள். அது என்.ஏ. 7 என்ற இரகம்.

ஐந்து ஆண்டுகள் ஆயின. மரம் நன்றாகத் தழைத்தது. மார்ச் மாதத்தில் பூத்தது. மழைக் காலம் முடிந்தும் காய் இல்லை.

"இது மலட்டு மரம். வெட்டி விடு. இந்த இடத்தில் எருமை கட்டலாம்" என்றார் மாமியார்.

"கொஞ்சம் பொறுங்கள் அம்மா. விசாரித்து வருகிறேன்" என்றாள் மருமகள்.

வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனாள். "மரம் தனியாகவா நிற்கிறது?" என்று அலுவலர் கேட்டார்.

"ஆமாம் ஐயா. பக்கத்தில் வேறு நெல்லி இல்லை."

அவர் விளக்கிச் சொன்னார். நெல்லியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் இருக்கும். ஆனால் தன் மரத்து மகரந்தத்தால் காய் சரியாகப் பிடிக்காது. வேறு இரகத்தின் மகரந்தம் வேண்டும். தேனீயும் காற்றும் அதைக் கொண்டு வரும்.

"மரத்தில் குறை இல்லை அம்மா. அதற்குத் துணை இல்லை. என்.ஏ. 6 இரகம் ஒன்று நடுங்கள்" என்றார்.

ஜூலையில் மழை வந்தது. பழைய மரத்திலிருந்து 25 அடி தள்ளிக் குழி வெட்டினார்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. மேல் மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து குழியை நிரப்பினார்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டார்கள். செடி சாயாமல் குச்சி கட்டினார்கள். ஒட்டுக்குக் கீழே வந்த தளிர்களைக் கிள்ளி எறிந்தார்கள். கோடையில் தண்ணீர் ஊற்றினார்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் நிறுத்தினார்கள்.

நான்காம் ஆண்டு இரண்டு மரங்களும் பூத்தன. ஏப்ரல் போயிற்று. மே போயிற்று. காயைக் காணோம். மாமியார் முகம் வாடியது.

"வெயில் காலத்தில் நெல்லிப் பிஞ்சு உறங்குமாம் அம்மா. மழை வந்தால்தான் வளருமாம்" என்றாள் மருமகள்.

அப்படியே நடந்தது. மழைக்குப் பின் கிளை முழுவதும் பிஞ்சுகள். பாரத்தால் கிளை முறியாமல் இருக்க முட்டுக் கொடுத்தார்கள். நவம்பர் கடைசியில் காய் பறித்தார்கள்.

நெல்லிக்காயில் வைட்டமின் சி மிகுதி. ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். ஈறுகளுக்கு அது நல்லது. மாமியார் முரப்பா செய்தார். ஊறுகாயும் போட்டார்.

"தெரியாமல் ஏசி விட்டேன். நல்ல வேளை, வெட்டவில்லை" என்று மரத்தைத் தடவிக் கொடுத்தார்.

சிந்தித்துப் பாருங்கள்

1. முதல் மரம் ஏன் காய்க்கவில்லை?
2. ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை ஏன் கிள்ள வேண்டும்?
3. உங்கள் வீட்டில் ஒரு மரத்துக்குத்தான் இடம் உண்டு. பக்கத்து வீட்டாரோடு பேசி என்ன செய்யலாம்?