குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: மதர்போர்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேம்ஸ் விளையாடுவதற்கென்று கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள், பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். மதர்போர்டு என்று வரும்போது மட்டும் "ஏதாவது நல்லதாகப் போடுங்கள்" என்று கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் வண்ண விளக்குகள் எரியும் விலை உயர்ந்த போர்டை வாங்கிவிட்டு, கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் போதாமல் தவிக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மதர்போர்டு கேமை வேகமாக ஓட்டாது. ஒரே பிராசசரையும் ஒரே கிராபிக்ஸ் கார்டையும் மலிவான போர்டிலும் விலை உயர்ந்த போர்டிலும் மாட்டினால், பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. ஆனால் தவறான போர்டு, நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வேகத்தைத் தடுத்துவிடும். எனவே பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டையும் முடிவு செய்த பிறகு, அவற்றைத் தடுக்காத போர்டுகளில் விலை குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600 பிராசசரை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

சாக்கெட்

பிராசசர் உட்காரும் இடமே சாக்கெட். ரைசன் 5 5600-க்கு ஏ.எம்.4 சாக்கெட் வேண்டும். ரேம் டி.டி.ஆர்.4 வகை. 2022-ல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டில் டி.டி.ஆர்.5 மட்டுமே பொருந்தும். இன்டெல்லின் எல்.ஜி.ஏ.1700 போர்டுகள் இரண்டு வகையிலும் உண்டு. ஒரு வகை ரேம் மற்றொன்றின் ஸ்லாட்டில் நுழையாது.

பின்னாளில் எதை மாற்றலாம் என்பதையும் சாக்கெட்தான் தீர்மானிக்கிறது. 2017-ல் ஏ.எம்.4 போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை அப்டேட் செய்துவிட்டு, 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில் மாட்டிக்கொண்டார்கள். 2020-ல் வந்த இன்டெல்லின் எல்.ஜி.ஏ.1200 போர்டிலோ 10, 11-ஆம் தலைமுறை பிராசசர்கள் மட்டுமே வேலை செய்யும். 2021 இறுதியில் வந்த 12-ஆம் தலைமுறைக்குப் புதிய போர்டு தேவைப்பட்டது.

சிப்செட்

ரைசன் 5 5600-க்கு ஏ520, பி550 என்ற இரண்டு சிப்செட்களை ஒப்பிடுவோம். ஏ520-ல் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 வேகத்தில் இயங்கும். பி550-ல் 4.0. ஒரு பாதைக்கு 3.0-ல் வினாடிக்கு ஏறத்தாழ 1 ஜிபி, 4.0-ல் ஏறத்தாழ 2 ஜிபி தகவல் செல்லும்.

இதனால் என்ன ஆகும்? 2022 ஜனவரியில் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்ற கார்டு வந்தது. ஸ்லாட்டில் 16 பாதைகள் இருந்தாலும் இந்தக் கார்டு 4 பாதைகளை மட்டுமே பயன்படுத்தும். இதை 3.0 போர்டில் மாட்டினால் 8 ஜிபி கிடைக்க வேண்டிய இடத்தில் 4 ஜிபிதான். கார்டில் உள்ள 4 ஜிபி மெமரி நிறைந்தவுடன் பல கேம்களில் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது. அதே சமயம், 8 பாதைகளும் 8 ஜிபி மெமரியும் கொண்ட ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு இழப்பு மிகச் சிறியது. அதற்கு ஏ520 போதும். ஆக, நீங்கள் வாங்கும் கார்டு எத்தனை பாதைகளைப் பயன்படுத்துகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சிப்செட்டை முடிவு செய்ய வேண்டும்.

ரேம் ஸ்லாட்டுகள்

16 ஜிபி வேண்டுமென்றால் ஒரே 16 ஜிபி ரேமாக இல்லாமல், இரண்டு 8 ஜிபி ரேம்களாக மாட்டுங்கள். அப்போதுதான் இரண்டு சேனல்களும் வேலை செய்யும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாகப் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டுகளில் மாட்ட வேண்டும். போர்டின் கையேட்டிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் தரும் பகுதி

சாக்கெட்டைச் சுற்றியுள்ள வி.ஆர்.எம். என்ற பகுதி, 12 வோல்ட் மின்சாரத்தை ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைத்துப் பிராசசருக்குத் தருகிறது. 65 வாட் ரைசன் 5 5600-க்கு எளிய போர்டே போதும். பின்னாளில் 105 வாட் 5800எக்ஸ்3டி மாட்டும் எண்ணம் இருந்தால், வி.ஆர்.எம். மீது அலுமினிய ஹீட்சிங்க் உள்ள போர்டாக வாங்குங்கள். ஏ.சி. இல்லாத அறையில் கோடை வெயிலில் இது அவசியம்.

பணம் கொடுக்கும் முன்

1. போர்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில், அந்த மாடல் ஏற்கும் பிராசசர்களின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பிராசசருக்கு எந்த பயாஸ் பதிப்பு தேவை என்றும் அதில் இருக்கும். பழைய ஸ்டாக் என்றால் அப்டேட் செய்து தரும்படி கடையிலேயே கேளுங்கள். அப்டேட் செய்யாவிட்டால் திரையில் எதுவும் வராது.

2. கேபினட்டின் அளவு போர்டுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். ஏ.டி.எக்ஸ். போர்டு 305 x 244 மி.மீ. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அதிகபட்சம் 244 x 244 மி.மீ.

3. ஏ.எம்.5, எல்.ஜி.ஏ. போர்டுகளில் மெல்லிய பின்கள் போர்டில்தான் இருக்கும். பிளாஸ்டிக் மூடியைத் திறந்து, வளைந்த பின் ஏதும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

4. பில்லில் போர்டின் சீரியல் நம்பர் இருக்கட்டும். வாரண்டிக்குத் தேவைப்படும்.

வீட்டிற்கு வந்ததும் மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் வசதி இல்லை. எனவே போர்டில் உள்ள எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம்.