திரையைப் பார்க்கும் முன்

இங்கிலாந்தின் பிஸ்லியில் 1890-லிருந்து ரைஃபிள் போட்டி நடக்குது. 1200 கஜம் வரைக்கும் சுடுவாங்க. முன்பெல்லாம் ஒவ்வொரு குண்டுக்கும் இலக்குக்குக் கீழே பள்ளத்தில் இருப்பவர் அட்டையை இறக்கி, ஓட்டையில் வட்டு செருகி, மறுபடி ஏற்றுவார். அந்த இடைவெளியில் சுட்டவர், "கொஞ்சம் வலப்பக்கம் போயிருக்கும்"னு தானே கணிச்சு நோட்டில் குறிச்சுக்குவார்.

எலக்ட்ரானிக் இலக்கில் அந்த இடைவெளி இல்லை. ஒலியை மிஞ்சி வரும் குண்டின் அதிர்வலை ஒவ்வொரு மைக்கையும் சற்று வேறு நேரத்தில் எட்டும். அந்த வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிட்டு, உடனே திரையில் காட்டிடும் (நம்ம சிக்னல் பாடம்தான்). காற்று மாறுறதுக்குள்ள அடுத்தடுத்து சுடலாம், அது பெரிய லாபம்.

வினையும் அங்கேதான். புள்ளி இடப்பக்கம் தெரிஞ்சதும் கை தானா சைட்டைத் திருகப் போகும். காற்று நிலையா இருக்கும்போது ஒவ்வொரு குண்டின் விலகலையும் அப்படியே திருத்திக்கிட்டே போனா, வேரியன்ஸ் இரண்டு மடங்காகும். திட்ட விலக்கம் சுமார் 41 சதவீதம் கூடும். டெமிங்கின் புனல் சோதனை படிச்சவங்களுக்கு இது புதுசில்லை.

அதனால சுட்டதும் முதலில் உங்க கணிப்பைக் குறிங்க, அடுத்து காற்றுக்கொடி, கடைசியாகத்தான் திரை. கணிப்பும் திரையும் ஒத்துப்போனா தவறு கையில்தான், சைட்டைத் தொடாதீங்க. ஒத்துப்போகலை, கொடியும் மாறியிருக்கா? அப்போ திருப்புங்க. கொடி மாறலைன்னா, இன்னொரு குண்டு சுட்டுப் பார்த்துட்டு முடிவெடுங்க.

திரையில் புள்ளியே வரலைன்னா இலக்கைத் தவறவிட்டதாத்தான் இருக்கணும்னு இல்லை. 1000 கஜம் போறதுக்குள்ள குண்டு ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கிட்டா, மைக்குக்குக் கேட்க அதிர்வலையே இருக்காது.