பிஎச்.டி. முடித்த பிறகும் படிப்பா?

"பிஎச்.டி. வாங்கியாகிவிட்டது, இன்னும் 'போஸ்ட்டாக்' என்கிறான். இவன் படிப்பு எப்போதுதான் முடியும்?" பிள்ளைகளை ஆராய்ச்சிக்கு அனுப்பிய பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. கணினிவழி உயிர் இயற்பியல் என்ற துறையை எடுத்துக்கொண்டு இதற்கு விளக்கம் சொல்லலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். போஸ்ட்டாக் என்பது படிப்பல்ல, வேலை. அதில் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. ஒரு பேராசிரியர் தம் ஆய்வுத் திட்டத்திற்குக் கிடைத்த நிதியிலிருந்து சம்பளமோ உதவித்தொகையோ கொடுத்து, டாக்டர் பட்டம் பெற்ற ஒருவரைக் குறிப்பிட்ட காலத்திற்கு அமர்த்திக்கொள்கிறார். கொத்தனார் வேலையை முழுதாகக் கற்றவர் தனியே ஒப்பந்தம் எடுக்குமுன் பெரிய மேஸ்திரியிடம் இரண்டு கட்டடம் சேர்ந்து கட்டுவதில்லையா, அது போலத்தான்.

இனி துறைக்கு வருவோம். நம் உடலில் பெரும்பாலான வேலைகளைச் செய்பவை புரதங்கள். ஒரு புரதம் ஆயிரக்கணக்கான அணுக்களால் ஆனது. அது ஓயாமல் நெளிந்து அசைந்துகொண்டே இருக்கிறது. மருந்து அதில் எங்கே போய் ஒட்டும் என்பது அந்த அசைவையும் பொறுத்தது. இதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. எனவே ஒவ்வோர் அணுவின் மீதும் செயல்படும் விசையைக் கணினியில் கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி அதைச் சற்றே நகர்த்தி, மறுபடியும் கணக்கிடுகிறார்கள். ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்குதான் வழக்கமான ஓர் அடி. வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்து அசைவைப் பார்க்கவே இப்படி 50 கோடி அடிகள் வேண்டும். பெரிய கணினிகள் நாள் கணக்கில் ஓடுவது இதனால்தான்.

ஒரு புரதத்தின் அசைவை முதன்முதலில் இவ்வாறு கணக்கிட்ட கட்டுரை 1977இல் வந்தது. எழுதிய மூவரில் மார்ட்டின் கார்ப்ளஸும் ஒருவர். முதல் பெயராக நின்ற ஆண்ட்ரூ மெக்கேமன், அப்போது பிஎச்.டி. முடித்துவிட்டு கார்ப்ளஸிடம் பணியாற்றிய இளைஞர். கார்ப்ளஸுக்கு 2013இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உடன் பரிசு பெற்ற ஏரியே வார்ஷெல், முன்பு அவரிடமே போஸ்ட்டாக் பார்த்தவர்.

நம் ஊருக்கும் இத்துறைக்கும் உறவு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன் தம் உடன் ஆய்வாளர்களோடு 1963இல் வெளியிட்ட வரைபடத்தை வைத்துத்தான், ஒரு புரதத்தின் அமைப்பு சரியா தவறா என்று உலகெங்கும் இன்றும் சோதிக்கிறார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு உயிரியலுக்கு மாற விரும்பி மாணவராகவே இரண்டாண்டு மீண்டும் உட்கார்ந்தார். அதன்பின் யேல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக். அங்கே கையில் எடுத்த ரைபோசோம் ஆய்வுதான் 2009இல் நோபல் வரை போனது. ஆனால் இடையில் ஆசிரியப் பணி கேட்டுச் சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் பலிக்கவில்லை. பெற்றோர் இந்தப் பகுதியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஏனென்றால் இந்த வேலைக்கு நிரந்தரம் கிடையாது. பெரும்பாலும் ஓராண்டு அல்லது இரண்டாண்டு ஒப்பந்தம்தான். நிதி இருந்தால் நீட்டிப்பார்கள். அழைப்பு வந்ததும் பிள்ளையிடம் நாம் கேட்க வேண்டியது, "எத்தனை டாலர்?" என்பது மட்டுமல்ல. நிதி எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது, குடும்பத்திற்கும் மருத்துவக் காப்பீடு உண்டா, அந்தப் பேராசிரியரிடம் முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பல விஷயங்களைச் சொல்லிவிடும். முதல் போஸ்ட்டாக் அவசியம், இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது என்றால் மருந்து நிறுவனம், மென்பொருள் நிறுவனம் போன்ற வழிகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. கணினி நிரலும் புள்ளியியலும் தெரிந்தவருக்கு அந்தக் கதவுகள் அடைபட்டவை அல்ல.

சம்பந்தம் பேசுமிடத்தில் இது பெரிய சிக்கலாகிவிடுகிறது. "மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை இல்லையாமே" என்று தட்டிக்கழிப்பவர்களும் உண்டு, "அமெரிக்காவில் பேராசிரியர்" என்று ஏற்றிச் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. ஒப்பந்தப் பணி என்பதைப் பெண் வீட்டாரிடம் அப்படியே சொல்லிவிடுவதுதான் முறை. பெண் பிள்ளைகள் இத்துறைக்குப் போக விரும்பினால் தடுக்காதீர்கள். கணக்கு ஓடுவது எங்கோ இருக்கும் கணினிக் கூடத்தில். அதை வீட்டிலிருந்தே கவனிக்க முடியும் என்பதால், கைக்குழந்தை இருக்கும் காலத்திலும் வேலையை அறவே விட்டுவிட வேண்டியதில்லை.

விண்ணப்பத்திற்குத் தன்விவரம், ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல், என்ன ஆராய விரும்புகிறார் என்ற குறிப்பு, பரிந்துரைக்க இரண்டு மூன்று பேராசிரியர்களின் பெயர் ஆகியவை பொதுவாகப் போதும். பிறகு காணொளியில் நேர்காணல் நடக்கும். இடையில் ஏஜென்ட் யாரும் தேவையில்லை. இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பிளஸ் டூவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உயிரியல் பிடித்திருந்தாலும் கணிதத்தை விட்டுவிடாதீர்கள். பட்டப்படிப்பில் இயற்பியலோ வேதியியலோ எடுத்தவர்களும் இத்துறைக்கு வரலாம். இலட்சக்கணக்கான புரத அமைப்புகள் 'புரோட்டீன் டேட்டா பேங்க்' என்ற தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்கிடும் 'குரோமாக்ஸ்' மென்பொருளும் இலவசம். சிறிய புரதம் ஒன்றை அசைத்துப் பார்க்கச் சாதாரண மடிக்கணினியே போதும். கல்லூரி விடுமுறையில் தொடங்கலாம்.